சிரிப்பு எந்த வலிக்கு மருந்து?

2012 ஆகஸ்ட் 3 அன்று இரவு, லாஸ் ஏஞ்சலிசில் உள்ள லார்கோ அரங்கில் டிக் நொடாரோ என்ற ஸ்டாண்ட்-அப் காமெடியன் (மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைப்பவர்) மேடை ஏறினார். வழக்கம்போல வணக்கம் சொன்னார். அதே மூச்சில், தனக்குப் புற்றுநோய் என்றார். அப்புறம் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள், பொழுது நன்றாகப் போகிறதா என்று விசாரித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

ஜோக்காக இருக்கும் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நிஜம்தான் என்று புரியப் புரிய அரங்கில் ஒரு தவிப்பு பரவியது. வருத்தத்தில் முனகியவர்களுக்கு மேடையில் இருந்தவரே ஆறுதல் சொன்னார்: உங்களுக்கு ஒன்றும் ஆகாது, என் கதைதான் தெரியவில்லை என்கிற பாணியில். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

அதற்கு முந்தைய சில மாதங்களில் அவருக்கு நிமோனியா வந்திருந்தது. அதைத் தொடர்ந்து குடலில் கடுமையான பாக்டீரியா தொற்று. அம்மா கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். காதல் முறிந்தது. கடைசியாக, இரண்டு மார்பகங்களிலும் புற்றுநோய் என்ற பரிசோதனை முடிவு. அது கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

சிரிப்பே சிறந்த மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட இதைவிடத் தோதான கதை கிடையாது. நொடாரோ பிழைத்தார் என்பதும் உண்மை. ஆனால் அவரைப் பிழைக்க வைத்தது இரண்டு மார்பகங்களையும் அகற்றிய அறுவை சிகிச்சை. அப்படியானால் சிரிப்புக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. நாம் வழக்கமாக நினைக்கிற வேலை அல்ல, அவ்வளவுதான்.

கஸின்ஸ் சொன்னதும் நாம் கேட்டுக்கொண்டதும்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று நம் ஊரில் எப்போதும் சொல்வதுதான். நவீன மருத்துவ உலகில் இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் நார்மன் கஸின்ஸ். அமெரிக்காவின் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழின் ஆசிரியர். 1964இல் அவருக்கு முதுகெலும்பு மூட்டுகளை இறுக்கிவிடும் ஒரு அழற்சி நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். படுக்கையில் புரளக்கூட முடியாத நிலை.

அவர் புரொஜெக்டர் வரவழைத்து மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களையும் 'கேண்டிட் கேமரா' என்ற டி.வி. நிகழ்ச்சியையும் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். உடல் தேறியது. 1976இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இந்த அனுபவம் கட்டுரையாக வந்தது. 1979இல் புத்தகமாகி நன்றாக விற்றது.

ஒரு நோயாளியின் அனுபவம் என்ற அளவில் இது அருமையானது. ஆதாரம் என்ற அளவில் பலவீனமானது. அதே நாட்களில் அவர் நரம்பு வழியாக ஏராளமான வைட்டமின் சி ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியை விட்டு ஓட்டல் அறைக்கு மாறினார். அவர் சொன்னதற்கெல்லாம் காது கொடுக்கும் ஒரு டாக்டர் கூடவே இருந்தார். போதாததற்கு, இவ்வகை நோய்கள் தாமாகவே தணிகிற காலங்களும் உண்டு. எது குணமாக்கியது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி பாருங்கள். வலியில்லாத இரண்டு மணி நேரத் தூக்கம். நோய் போனது என்ற பகுதியைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. பின்னாளில் ஆய்வுகள் பக்கபலமாக வந்து நின்றதோ இந்த வலிக் கணக்குக்கு.

நடவுப் பாட்டு செய்கிற வேலை

நாற்று நடுகிற பெண்கள் பாடிக்கொண்டே நடுவார்கள். பாட்டால் வயல் சுருங்குவதில்லை, குனிந்த முதுகு நிமிர்வதுமில்லை. ஆனாலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இடுப்பு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். தனியாக முணுமுணுத்தால் அந்தத் தெம்பு வராது. ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும்.

சிரிப்பும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. நோய் இருந்த இடத்தில் இருக்கிறது, தாங்குகிற சக்தி கொஞ்சம் கூடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

நாம் பேசும்போது மூச்சை விரும்பியபடி அளந்து விடுகிறோம். சிரிப்பில் அது கைமீறிவிடுகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் சுருங்கிச் சுருங்கி, காற்றை "ஹ, ஹ, ஹ" என்று துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இடையில் மூச்சை இழுக்க அவகாசமில்லை. அடக்க முடியாமல் சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் நிறுத்து என்று கெஞ்சுவது இதனால்தான். உடம்புக்கு இது ஒரு உழைப்பு.

அந்த உழைப்புக்கு மூளை எண்டார்ஃபினைச் சுரந்து ஈடுகொடுக்கிறது என்பது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் முன்வைத்த விளக்கம். எண்டார்ஃபின் என்பது உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் வலிநிவாரணி. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மார்ஃபின் மூளையில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறதோ, இதுவும் அங்கேயே போய் ஒட்டும்.

இதைச் சோதிக்க டன்பார் குழு செய்த காரியம் கொஞ்சம் வேடிக்கையானது. ஒயின் பாட்டிலைக் குளிர வைக்கும் உறையை உறைபெட்டியில் வைத்து எடுத்து, ஆட்களின் கையில் மாட்டிவிட்டார்கள். தாங்க முடியாதபோது சொல்லுங்கள் என்றார்கள். சிலருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டி, வலிக்கிறது என்று சொல்லும்வரை இறுக்கினார்கள். வலியை இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று ஒருவர் சொல்லும் அந்தப் புள்ளிக்கு வலி எல்லை என்று பெயர். நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்களின் வலி எல்லை, சிரிப்பில்லாத படங்களைப் பார்த்தவர்களுடையதைவிட உயர்ந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கலைவிழாவில் ஸ்டாண்ட்-அப் பார்த்தவர்களையும் நாடகம் பார்த்தவர்களையும் ஒப்பிட்டபோதும் இதே கதை. முடிவுகள் 2012இல் வெளியாயின.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. வலி எல்லை கூடியதை வைத்து எண்டார்ஃபின் சுரந்திருக்கும் என்று ஊகித்தார்களே தவிர, அதை யாரும் நேரில் பார்க்கவில்லை. 2017இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் பெட் ஸ்கேன் மூலம் பார்த்தார்கள். பெட் ஸ்கேன் என்பது, லேசான கதிரியக்கம் கொண்ட ஒரு பொருளை உடம்பில் செலுத்தி, அது எங்கே போகிறது என்று படம் பிடிக்கும் முறை. நெருங்கிய நண்பர்களோடு உட்கார்ந்து நகைச்சுவை பார்த்துச் சிரித்த பிறகு, மூளையில் இந்த உள்ளூர் மார்ஃபின் கூடியிருந்தது. சோதிக்கப்பட்டவர்கள் 12 ஆண்கள் மட்டுமே. சிரிப்பின் பலன் எவ்வளவு, நண்பர்கள் பக்கத்தில் இருந்ததன் பலன் எவ்வளவு என்பதையும் அதில் முழுதாகப் பிரிக்க முடியாது. என் கணக்கில் இது பெரிய குறையல்ல. நிஜ வாழ்க்கையிலும் இரண்டும் சேர்ந்தேதானே வருகின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வாய்விட்டுச் சிரிப்பது ஒரு உடலுழைப்பு, அது வலி எல்லையைச் சிறிது நேரத்துக்கு உயர்த்துகிறது. கட்டியைக் கரைக்கும், சர்க்கரையை ஓட்டும் என்பதற்கெல்லாம் இந்த ஆய்வுகளில் இடமில்லை. மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இந்தக் கணக்கில் சேராது.

ஜோக்கே இல்லாத சிரிப்பு

பலருக்கு ஆச்சரியம் தரும் விஷயம், சிரிப்புக்கும் ஜோக்குக்கும் உறவு ரொம்பக் குறைவு என்பது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் புரொவைன், கடைத்தெருக்களிலும் நடைபாதைகளிலும் ஜனங்கள் பேசிச் சிரித்த 1,200 தருணங்களை ஆட்களை வைத்துக் குறித்துக்கொண்டார். சிரிப்புக்கு முன்னால் வந்த பேச்சில் 10 முதல் 20 சதவீதம்தான் ஏதோ ஜோக் என்று சொல்லும்படி இருந்தது. மற்றதெல்லாம் "சரி, பார்க்கலாம்" வகையறா. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார்.

மும்பை டாக்டர் மதன் கட்டாரியா இதை வேறு வழியில் கண்டுபிடித்தார். 1995இல் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு சிரிப்புச் சங்கம் ஆரம்பித்தார். தினம் ஒருவர் நடுவில் நின்று ஜோக் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக்குகள் தீர்ந்து, கேட்கச் சங்கடமான ஜோக்குகள் வர ஆரம்பித்தன. ஜோக்கையே விட்டுவிட்டுச் சும்மா சிரிப்போம் என்று முடிவு செய்தார். இன்று காலை நேரப் பூங்காக்களில் கைதட்டி "ஹோ ஹோ, ஹா ஹா" என்று சிரிப்பவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். ஆரம்பத்தில் செயற்கையாகத்தான் இருக்கும். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகிவிடும்.

சரி, ஜோக் இவ்வளவு அற்பமானது என்றால் ஸ்டாண்ட்-அப் காமெடியன் எதற்கு?

மேடையில் நடப்பது

நண்பர்களுக்குள் சிரிப்பு தானாக வருகிறது. ஒருவரை ஒருவர் தெரியாத இருநூறு பேரை அதே மாதிரி சிரிக்க வைப்பதற்குத்தான் அந்த வேலை. காமெடி கிளப்புகளில் நாற்காலிகளை இடித்துக்கொண்டு உட்காரும்படி நெருக்கிப் போடுவதும், கூரை தாழ்ந்த சின்ன அறையை விரும்புவதும் இதற்காகவே. பக்கத்து ஆளின் சிரிப்பு நம் விலாவில் இடிக்க வேண்டும்.

ஜோக்கின் உடம்பில் இரண்டு உறுப்புகள். கேட்பவரை ஒரு எதிர்பார்ப்புக்கு அழைத்துப் போவது செட்-அப். அந்த எதிர்பார்ப்பைப் புரட்டிப்போடும் வரி பஞ்ச். புரட்டல் மட்டும் போதாது. எதிர்பாராத நேரத்தில் நாய் கடிப்பதும் புரட்டல்தான், யாரும் சிரிப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு விஷயம் தப்பாகவும் தெரிய வேண்டும், அதே நொடியில் ஆபத்தில்லை என்றும் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடும்போது சிரிப்பு வருகிறது. கிச்சுகிச்சு மூட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மை நாமே மூட்டிக்கொண்டால் தப்பில்லை, சிரிப்பும் இல்லை. முன்பின் தெரியாதவர் மூட்டினால் ஆபத்து, சிரிப்பு இல்லை. மாமா மூட்டினால் உருண்டு புரண்டு சிரிக்கிறது குழந்தை.

லார்கோ மேடையில் நொடாரோ செய்த காரியம் இப்போது விளங்கும். புற்றுநோய் என்ற சொல் தப்பு, அதுவும் பெரிய தப்பு. ஆபத்தில்லை என்ற பாதியை அவர் தன் நிதானத்தால் தந்தார். நோய் வந்தவளே பதறவில்லையே என்று கூட்டத்துக்குத் தைரியம் வந்தது.

இந்த வித்தையில் கரைகண்ட காமெடியன் ரிச்சர்ட் பிரையர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊரில் 1940இல் பிறந்தவர். பாட்டி நடத்திய விபச்சார விடுதியில் வளர்ந்தார். ஆரம்பத்தில் யாரையும் உறுத்தாத சுத்தமான நகைச்சுவை செய்து டி.வி.யில் பேர் வாங்கினார். 1967இல் லாஸ் வேகஸ் ஓட்டல் ஒன்றில், அரங்கு நிறைந்த கூட்டத்தைப் பார்த்து நான் இங்கே என்ன செய்கிறேன் என்று கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். திரும்பி வந்த பிரையர் வேறு ஆள். தன் தெருவின் கறுப்பின மொழியில், தன் வீட்டு அசிங்கங்களைப் பேசினார்.

1980 ஜூனில், போதை மருந்தின் பிடியில், உடம்பில் தீப்பற்றி எரிய எரியத் தெருவில் ஓடினார். உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோனது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. 1982இல் வந்த மேடைப் படத்தில் சிவப்புக் கோட்டு சூட்டில் நின்று அதைச் சொல்கிறார். முதலில் ஒரு பொய்: தூங்கப் போகுமுன் இரண்டு வகைப் பாலைக் கலந்து பிஸ்கட்டை முக்கினேன், வெடித்துவிட்டது. அப்புறம் மெல்ல மெல்ல உண்மை. போதைக் குழாய் தன்னோடு பேசியது, அது சொன்ன பேச்சைத் தான் கேட்டது, ஆஸ்பத்திரியில் வெந்த தோலைக் கழுவிய வலி. முடிவில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, குதித்துக் குதித்து ஓடுவது மாதிரி காற்றில் நகர்த்துகிறார். இது என்ன தெரியுமா, ரிச்சர்ட் பிரையர் தெருவில் ஓடுகிறான் என்கிறார். ஊரில் அவரைப் பற்றி அப்போது சுற்றிக்கொண்டிருந்த ஜோக் அது. அதைத் தன் கையாலேயே கொளுத்திக் காட்டினார்.

தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. எள்ளலுக்குப் பழைய உரை இரண்டு பக்கம் காட்டுகிறது: பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது மற்றொன்று. பிரையரின் தீக்குச்சி அந்த இரண்டாவது பக்கம்.

சிரிக்க வைப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

ரொம்பப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். ஊரையே சிரிக்க வைப்பவர் தானும் குணமாகிவிடுவார் என்று நினைக்கிறோம். அவர் மனமுடைந்தால் அதிர்ச்சி அடைகிறோம்.

புரொவைனின் குறிப்புகளில் இன்னொரு தகவல் உண்டு. சாதாரண உரையாடலில் கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரிக்கிறார், சராசரியாக 46 சதவீதம் அதிகம். ஸ்டாண்ட்-அப் மேடை இந்த இயற்கையைத் தலைகீழாக்குகிறது. பேசுபவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் பஞ்ச் செத்தது. அவருடைய காது அடுத்த வரிக்கு எத்தனை நொடி விட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. வயிறு குலுங்குவது கூட்டத்துக்கு. எண்டார்ஃபினும் கூட்டத்துக்கே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தொழிலாகப் பார்த்தாலும் சொகுசு கிடையாது. யார் வேண்டுமானாலும் ஏறி ஐந்து நிமிடம் முயன்று பார்க்கும் ஓப்பன் மைக் மேடையில்தான் பெரும்பாலானவர்கள் தொடங்குகிறார்கள். ஒரே ஜோக்கை ஒரு சொல்லை மாற்றி, ஒரு சொல்லை நீக்கி, வாரக்கணக்கில் இரவு இரவாகச் சொல்லிப் பார்ப்பார்கள். லாஸ் ஏஞ்சலிசின் புகழ்பெற்ற காமெடி ஸ்டோர் கிளப், இது பயிற்சிக்கூடம் என்று சொல்லிக் கலைஞர்களுக்குக் காசே தராமல் இருந்தது. 1979இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கையில் ஏதோ வந்தது. அதே நகரின் லாஃப் ஃபேக்டரி கிளப் 2011இல் தன் மேடையில் ஏறுபவர்களுக்காக மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்தது. சிரிப்பே மருந்து என்றால் அந்த இடத்தில் அவருக்கு வேலை இருந்திருக்காது.

பிரையரும் மேடையில் விபத்து என்று சொன்ன அந்தத் தீ, தானே ரம்மை ஊற்றிக் கொளுத்திக்கொண்டது என்று பல வருடம் கழித்துத் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். கூட்டம் சிரித்துத் தீர்த்துவிட்டுப் போன விஷயம் அவருக்குத் தீர்ந்திருக்கவில்லை. ஆஸ்திரேலியக் கலைஞர் ஹானா காட்ஸ்பி 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நானெட்' நிகழ்ச்சியில் இதற்குத் தொழில்நுட்பக் காரணமே சொன்னார். தன்னை ஒருவன் அடிக்க வந்த சம்பவத்தை அவர் ஜோக்காகச் சொல்லிவந்தார். சிரிப்பு வர வேண்டுமானால் கதையை அவன் விலகிப்போகும் இடத்தில் வெட்ட வேண்டும். நிஜத்தில் அவன் திரும்பி வந்து அடித்தான். ஜோக்கில் இல்லாத அந்தக் கடைசிப் பகுதி அப்படியே உள்ளே தங்கிவிட்டது.

இதன் மறுபக்கமும் ஒரு மிகைப்படுத்தல்தான். சிரிக்க வைப்பவர் எல்லாரும் உள்ளுக்குள் அழுகிறவர் என்ற பேச்சு, 2014இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் தன் உயிரை முடித்துக்கொண்டபோது எங்கும் கேட்டது. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது லூயி பாடி டிமென்ஷியா, மூளை செல்களில் ஒரு புரதம் படிந்து நினைவையும் உடலியக்கத்தையும் சிதைக்கும் நோய். கோமாளியின் கண்ணீர் என்று நாம் உச்சுக்கொட்டிய இடத்தில் நரம்பு நோய் ஒன்று இருந்தது.

ஆக இந்த இரண்டு பகுதிகளின் சாரம்: பயங்கரத்தை ஆபத்தில்லாமல் காட்டுவது காமெடியனின் கைத்திறன். அதனால் வலி தணிவது பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அவருக்குத் துணை வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சிரிப்பு

நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸ் 1986இல் கோமாளிகளைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பத் தொடங்கியது. டாக்டர் கோட்டு, சிவப்பு மூக்கு. இன்று பல நாடுகளில் இந்த வழக்கம் இருக்கிறது. நோயைத் தொடுவது அவர்கள் வேலை இல்லை, பயத்தைத் தொடுவதுதான். இத்தாலியில் 40 குழந்தைகளை வைத்துச் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து தரும் நேரத்தில் பெற்றோரோடு கோமாளியும் இருந்த குழந்தைகளுக்குப் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆய்வின் இன்னொரு முடிவையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு நல்லது என்று ஒப்புக்கொண்ட மருத்துவ ஊழியர்களிலேயே பெரும்பாலோர், ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, இது தொடர வேண்டாம் என்றார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் நீண்ட நாள் படுத்திருக்கிறார் என்றால், ஜோக் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பிடித்த பழைய நகைச்சுவைக் காட்சியைச் சேர்ந்து பார்ப்பது பலன் தரும். மாத்திரை நேரம் வந்தால் நிறுத்திவிட்டு மாத்திரையைக் கொடுங்கள். ஜோக்கை அவர் ஆரம்பிக்கட்டும். தன் நோயைப் பற்றி நோயாளி அடிக்கும் ஜோக்கும் பார்க்க வந்தவர் அடிக்கும் ஜோக்கும் ஒன்றல்ல.

சிரிப்புக்குப் பக்கவிளைவும் உண்டு. 2013இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' தன் கிறிஸ்துமஸ் இதழில் சிரிப்பின் நன்மை தீமைகளைத் தொகுத்தபோது ஆஸ்துமா கிளம்புவது, மயங்கி விழுவது, குடலிறக்கம் என்று ஒரு பட்டியலே வந்தது. வயிற்றில் புதிதாகத் தையல் போட்டவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், வேடிக்கையாக எதையாவது ஆரம்பிக்குமுன் ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருமலுக்கு நர்ஸ்கள் சொல்லித்தருவதும் இதுதான், சிரிப்புக்கும் உதவும்.